ஆடி முடியட்டும்

அத்தியாயம் 14

சௌந்திரம் இந்த வெள்ளியும் விளக்கு ஏற்றவில்லை.

"நீயே வெச்சிரு சாமி," என்று சமையலறை வாசலிலேயே நின்றுகொண்டாள். பூஜை அலமாரி அங்கிருந்து நாலடி தூரம். அந்த நாலடியை அவள் தாண்டவில்லை.

மைதிலி தீப்பெட்டியை எடுத்தாள். ஆடி மூன்றாம் வெள்ளி. எலச்சிபாளையத்து மாரியம்மன் கோயிலில் இன்று கூழ் ஊற்றுகிறார்கள். விடியும் முன்பே ஒலிபெருக்கி பாட ஆரம்பித்துவிட்டது. அவள் மருமகளாக வந்த நாளிலிருந்து ஆடிக்குக் கம்மங்கூழ் காய்ச்சுவது மாமியார் சௌந்திரத்தின் வேலை. கிட்டே போய்க் கரண்டியைத் தொட்டாலே, "அக்கட்டால போ, கட்டி தட்டிப்போயிரும்" என்று விரட்டுவாள். இந்த வருடம் மாவு கரைத்ததிலிருந்து இறக்கியது வரை எல்லாம் மைதிலிதான். கேட்டதற்குக் கை வலிக்கிறது என்றாள். போன வெள்ளி முழங்கால் வலி. அதற்கு முந்தின வெள்ளி தலைவலி.

வீட்டில் இருப்பது மைதிலிக்கு இன்னும் பழகவில்லை. சங்ககிரி பக்கத்து நூல் மில்லில் கணக்குப் பிரிவில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தாள். ஆடி பிறந்த வாரத்தில் மில்லை மூடினார்கள். வேலையோடு சேர்ந்து, மில் எடுத்துக் கொடுத்திருந்த மருத்துவக் காப்பீடும் அன்றே முடிந்தது. அவள், கணவன் சந்திரசேகர், விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், மாமியார், ராசிபுரத்தில் தனியாக இருக்கும் அப்பா சுப்பையன் என்று குடும்பம் முழுவதையும் தாங்கிய அட்டை அது.

கடைசி நாளன்று மில் மேலாளர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். வேண்டுமானால் அதே காப்பீட்டைச் சொந்தப் பொறுப்பில் தொடரலாம், உடனே எழுதித் தர வேண்டும் என்று. நாமக்கல்லில் ஒரு கோழித்தீவனக் கம்பெனியில் அதற்குள் அடுத்த வேலையும் கிடைத்துவிட்டது. மறுவாரமே வந்து சேரச் சொன்னார்கள்.

"ஆடியில போயி ஆராச்சும் புது வேலைக்குச் சேருவாங்களா? ஆடி முடியட்டும்," என்றாள் சௌந்திரம். காப்பீட்டைத் தொடர்வது பற்றிக் கேட்டபோதும் அதேதான். "நடுவால ஒரு மாசம். அதுக்கு எதுக்கு ஆடியில கையெழுத்து?"

மைதிலி தலையாட்டினாள். மாமியாருக்காகத்தான் தள்ளிப்போட்டேன் என்று புது கம்பெனியில் சொன்னாள், கணவனிடம் சொன்னாள், தன்னிடமும் சொல்லிக்கொண்டாள்.

கூழ்ச்சட்டியைத் துணியால் மூடிக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. அப்பா.

"ஏஞ்சாமி, இந்த வருச ஆடி ரப்பராட்டம் இழுத்துக்கிட்டே போகுதே. எப்பத்தான் முடியுமாம்?"

"வலிக்குதுங்களாப்பா?"

"வலியெல்லாம் இல்ல. பெல்ட்டுப் போட்டா அது பாட்டுக்கு உள்ள கெடக்குது. கழட்டுனா எட்டிப் பாக்குது. பொண்ணு பாக்கப் போனப்ப உங்கம்மா கதவுக்குப் பின்னால நின்னு எட்டிப் பாத்தாப்பல."

அவருக்குக் குடலிறக்கம். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கிற சமயத்தில் மில் மூடிவிட்டது. இருமக்கூடாது, குனியக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மரவள்ளிக் காட்டின் வேலியோரம் போய் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். அம்மா இறந்த பிறகு அவருடைய வேடிக்கைப் பேச்சு கொஞ்சம் கூடிவிட்டது. வலி அதிகமான நாட்களில் இன்னும் கூடும் என்பதை மைதிலி கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

"ஆவணி வந்ததும் போயிரலாமுங்கப்பா."

"ஆவட்டும். நானென்ன அவசரமா பண்றேன்? சும்மா கேட்டேன்."

வாசலில் பக்கத்து வீட்டுப் பாப்பாயி சட்டியோடு நின்றாள். "சௌந்திரக்கா, கூழூத்த வல்லியா?"

"கை சொகமில்ல பாப்பாயி. மருமக வாரா."

"ஆத்தாளுக்கே லீவு சொல்றியா? அந்த மில்லாட்டம் நீயும் மூடிப் போட்டியாக்கும்."

சௌந்திரம் சிரிக்கவில்லை. பதிலுக்குப் பதில் சொல்லாமல் அவள் பாப்பாயியை விட்டு மைதிலி பார்த்ததில்லை.

கோயிலிலிருந்து திரும்பி வரும்போது கையில் திருநீறும் வேப்பிலையும் இருந்தன. மாமியார் துணி துவைக்கும் கல்லருகே நின்றிருந்தாள். மைதிலி நீட்டினாள்.

சௌந்திரம் கையை நீட்டவில்லை. "அங்க வெச்சிரு."

மைதிலி அந்த இடத்திலேயே நின்றாள்.

அந்த இரண்டு வார்த்தைகளும் அவளுக்குத் தெரியும். அந்த வீட்டில் பெண்கள் மாதத்துக்கு ஒருமுறை சொல்லும் வார்த்தைகள். திருநீறு கொடுத்தால் கையில் வாங்காமல், பூவானால் தொடாமல், அங்க வெச்சிரு. அவளும் சொல்லியிருக்கிறாள். மகளுக்கும் அதைச் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். ஆனால் மாமியாருக்கு அதெல்லாம் நின்று எத்தனையோ வருடமாகிவிட்டது. நின்ற வருடம், இனிமேல் எந்த வெள்ளியும் தப்பாது என்று சந்தோஷப்பட்டுச் சொன்னதுகூட நினைவிருக்கிறது.

தலைவலி. முழங்கால். கை. தாண்டாத நாலடி.

"எத்தன நாளாங்கத்தை?"

"என்ன எத்தன நாளா?"

"எங்கிட்ட மறைக்காதீங்க."

சௌந்திரம் கல்லின் மேல் கிடந்த ஈரத்துணியை மடித்தாள். மடித்ததை மறுபடி பிரித்தாள். "மொத வெள்ளியில இருந்து. நின்னுருமுன்னு பாத்தேன். ரண்டு நாளு நிக்குது, மறுக்காவும் வருது."

"ஏனுங்க சொல்லலே?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவே. அட்டை எங்க இருக்குது? ஆவணி பொறந்து நீ சேந்துட்டீன்னா அட்டை வந்துரும். அன்னைக்குச் சொல்லிக்கலாமுன்னு இருந்தேன்." குரலைத் தாழ்த்தினாள். "டாக்டரம்மா பாக்காத வரைக்கும் அது நோயில்ல சாமி. பாத்தாத்தான் எழுதுவாங்க. எழுதிட்டா பழைய நோயின்னு தள்ளிருவாங்களாமா. பாப்பாயி சொன்னா."

மைதிலி கையிலிருந்த திருநீற்றைத் தன் முந்தானையில் முடிந்தாள்.

"நாந்தானே ஆடியில சேர வேண்டாமுன்னேன்," என்றாள் சௌந்திரம். "அப்ப நாந்தானே பொறுத்துக்கோணும்."

மைதிலி உள்ளே போய்த் தண்ணீர் குடித்தாள். தம்ளரை வைத்த பிறகும் கை அதன் மேலேயே இருந்தது.

ஆடி என்று மாமியார் சொன்னபோது தனக்குள் என்ன நடந்தது என்று அவள் இப்போது பார்த்தாள். எதிர்க்கத் தெரியாதவள் அல்ல அவள். ஆடி மாதத்திலேயே ஸ்கூட்டர் வாங்கியிருக்கிறாள், மகளைப் பள்ளி மாற்றியிருக்கிறாள். அப்போதெல்லாம் மாமியார் முணுமுணுத்ததோடு சரி. இந்த முறை எதிர்க்கத் தோன்றவில்லை. பன்னிரண்டு வருடமாகக் காலை பஸ்ஸைப் பிடிக்க ஓடியவளுக்கு, யாரும் குற்றம் சொல்ல முடியாத ஒரு வெற்று மாதம் வேண்டியிருந்தது. மத்தியானத்தில் ஜன்னலோரம் சும்மா படுத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆசைக்குத் தன் பெயரை வைக்கக் கூச்சப்பட்டு மாமியார் பெயரை வைத்தாள். அந்தப் பழியை அந்த அம்மாள் மொத்தமாகச் சுமந்துகொண்டு, இரண்டு வாரமாகக் குளியலறையில் சத்தமில்லாமல் துணி அலசியிருக்கிறாள்.

சந்திரசேகரைக் கூப்பிட்டாள். போர்வெல் ரிக் வண்டியோடு ஒடிசாவில் இருக்கிறான். மழை பிடித்துக்கொண்டு வேலை நின்றுபோய், வண்டியை விட்டு வரவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறான். வருமானமும் நின்றுவிட்டது. தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது குரல்.

அடுத்ததாகக் காப்பீட்டு முகவர் சரவணக்குமாரை அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அலமாரியில் மாமியாரின் ஆதார் அட்டையைத் தேடினாள்.

"வேலைக்கு நடுவால இருக்கறவங்களுக்குன்னு எதாச்சும் இருக்குங்களா? இன்னைக்கே எடுக்கறாப்பல."

"எடுக்கலாமுங்க. ஆனா எடுத்த ஒடனே நோய்க்கு ஆவாதுங்க. முப்பது நாளு காத்திருக்கோணும். விபத்துன்னா மட்டும் மொத நாள்ல இருந்தே உண்டு. உழுந்தா உண்டு, ஒடம்புல வெளைஞ்சா இல்ல. அப்படி வெச்சுக்கங்க. அம்மாவுக்குங்களா?"

"ஆமாங்க."

"மில்லுல இருந்து கெளம்பறப்பவே அதையத் தொடர்ந்திருந்தா நடுவால இந்த இடைவெளியே வந்திருக்காதுங்களே."

"தெரியுதுங்க," என்றாள் மைதிலி.

அவள் ஆட்டோ கூப்பிட்டு வருவதற்குள் சௌந்திரம் புடவை மாற்றித் தயாராக நின்றாள். மறுத்துப் பேசாதது மைதிலிக்கு ஆச்சரியமாக இருந்தது.

திருச்செங்கோட்டில் டாக்டர் பிரீத்தியின் ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைவு. ஆடியில் பிரசவத்துக்கு மட்டும்தான் வருவார்கள் போல. டாக்டர் சின்ன வயது. கேள்விகளை மெதுவாகக் கேட்டார்.

"என்னம்மா பண்ணுது?"

"உழுந்துட்டேனுங்க," என்றாள் சௌந்திரம். "நேத்துக் காத்தால. துவைக்கற கல்லுகிட்ட வழுக்கிருச்சு. அதுல இருந்துதான் ரத்தம் போவுதுங்க."

மைதிலி திரும்பிப் பார்த்தாள்.

சௌந்திரம் முழங்கையைத் தூக்கிக் காட்டினாள். தோல் உரிந்து சிவந்திருந்தது. நேற்றைய காயமாகத் தெரியவில்லை. காலையில் திருநீறு நீட்டியபோது அந்தக் கையில் எதுவும் இல்லை. ஸ்பீக்கரில் கேட்ட குரல் மைதிலிக்கு நினைவு வந்தது. உழுந்தா உண்டு. கல்லில் கையைத் தேய்த்திருக்கிறாள். ஆட்டோ வருவதற்குள். அந்தக் காயத்தைக் காட்டிப் பணம் கேட்க ஒரு பாலிசிகூட இன்னும் எடுத்தாகவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

டாக்டர் எழுத ஆரம்பித்திருந்தார். "நேத்துத்தான் ஆரம்பிச்சுதா? அதுக்கு முன்னாடி எதுவும் இல்லையே?"

"இல்லீங்க."

பேனா தாளின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு கணம் மைதிலி பேசாமல் இருந்தாள். அந்த ஒரு கணத்தை அவள் பிறகு பலமுறை எடுத்துப் பார்ப்பாள். நேற்று என்றே இருக்கட்டும். விழுந்ததாகவே இருக்கட்டும். பழைய நோய் என்று யாரும் தள்ளமுடியாது. அதற்காகத்தானே இவ்வளவும். அப்படி நினைத்தபோது டாக்டர் சொன்னார், "அடிபட்டதுனால வந்த ரத்தம்னா ரெண்டு மூணு நாள்ல நின்னுடும். மாத்திரை எழுதித் தர்றேன், பார்ப்போம்."

"இல்லைங்க டாக்டர்," என்றாள் மைதிலி. "அவங்க உழுவலே. ரெண்டு வாரமா இருக்குது. விட்டு விட்டு வருது. மாதவிடாய் நின்னு ரொம்ப வருசமாச்சு."

சௌந்திரத்தின் கை மேஜைக்கடியில் மைதிலியின் புடவையைப் பிடித்து இழுத்தது. குழந்தை இழுப்பது போல. மைதிலி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உரிந்த இடத்தில் விரல் படாமல் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். யாரையும் கடிந்துகொள்ளவில்லை. "நல்லவேளை சொன்னீங்க. மாத்திரையோட அனுப்பியிருப்பேன்."

ஸ்கேன் பார்த்த பிறகு மைதிலியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கர்ப்பப்பையின் உள்தோல் தடித்திருக்கிறது. சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சாதாரணமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். வேறாக இருந்தால் பெரிய அறுவை சிகிச்சையும் அதற்குப் பிறகான வைத்தியமும் தேவைப்படும்.

"ஆவணி வரைக்கும் பொறுக்கலாங்களா டாக்டர்?"

"ஆவணிக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல இருக்கே. பரிசோதனையை அரசாங்க ஆஸ்பத்திரியிலகூடப் பண்ணிக்கலாம். எங்க பண்ணாலும் இந்த வாரத்துக்குள்ள. பயப்படவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்."

நடைபாதையில் ஜன்னலோரம் நின்று மைதிலி நாமக்கல் கம்பெனிக்கு ஃபோன் செய்தாள். பணியாளர் பிரிவில் சுகன்யா என்ற பெண்தான் முதலில் இருந்தே அவளிடம் பேசிக்கொண்டிருப்பவள்.

"மேடம், நாளைக்கே வந்து சேரலாங்களா?"

"நாளைக்கா? நாளைக்கு அஷ்டமி மேடம். ஆடின்னு நீங்கதானே..."

"பரவாயில்லைங்க."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "வாங்க மேடம், சனிக்கிழமையும் ஆபீஸ் உண்டு. சேர்ந்த தேதியில இருந்தே காப்பீடும் ஆரம்பிச்சுடும்."

"வீட்டுல பெரியவங்களுக்கு ஏற்கெனவே ஒடம்பு சரியில்ல. அது பரவாயில்லைங்களா? அதை மறைக்க வேண்டாம்னு பாக்கறேன்."

"மறைக்கவே வேண்டாம் மேடம். எங்க பாலிசியில ஏற்கெனவே இருக்கற நோய்க்கும் மொத நாள்ல இருந்தே உண்டு."

மைதிலி சுவரில் சாய்ந்தாள். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அப்படியானால் இரண்டு வாரம் மறைத்ததற்கு அர்த்தமே இல்லை. யாராவது ஒருவர் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்டிருக்க வேண்டியவள் கணக்குப் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்தவள்.

"ஒண்ணே ஒண்ணு மேடம்," என்றாள் சுகன்யா. "பெரியவங்கள்ல ஒரு வீட்டுக்காரங்கதான். உங்க அப்பா அம்மா, இல்லைன்னா உங்க மாமனார் மாமியார். இதுல ஒருத்தர், அதுல ஒருத்தர்னு போட முடியாது. சேரும்போது எழுதிக் கொடுத்தா வருஷம் முடியற வரைக்கும் மாத்தவும் முடியாது."

"பழைய மில்லுல ரெண்டு பேரும் இருந்தாங்க."

"அங்க இருந்திருக்கலாம் மேடம். இங்க இப்படித்தான். நாளைக்கு வரும்போது முடிவு பண்ணிட்டு வாங்க."

திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் சௌந்திரம் எதுவும் கேட்கவில்லை. மைதிலியும் எல்லாவற்றையும் சொல்லவில்லை. சதைப் பரிசோதனை இருக்கிறது, பயப்பட வேண்டாம், நாளைக்கே வேலையில் சேர்கிறேன், அட்டை வந்துவிடும். இவ்வளவுதான் சொன்னாள். அந்த அட்டையில் ஒரு வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் இடம் என்பதைச் சொல்லவில்லை.

"அஷ்டமியிலயா?"

"அஷ்டமியிலதானுங்க."

சௌந்திரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ரிக் வண்டிகள் வரிசையாக நிற்கும் பட்டறைகள், பெயின்ட் அடிக்கக் காத்திருக்கும் லாரிகள். "காலம் பூராவும் நாளு பாத்தே நடத்திப் போட்டேன்," என்றாள். "உங்க மாமனார ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனதும் நல்ல நாள்தான். மொகூர்த்த நாளு."

மைதிலியின் மனம் வேறெங்கோ இருந்தது. யாருக்கு அவசரம் என்று பார்த்தால் விடை தெரிந்ததுதான், மாமியாருக்குத்தான். ஆனால் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால்? வருடம் முழுதும் அப்பா பெல்ட்டோடு இருப்பார். குடல் உள்ளே சிக்கிக்கொண்டால் அன்றே அறுக்க வேண்டும் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். ஒன்றுமில்லை என்று வரக் கூடாதா என்று ஒருபக்கமும், வந்தால் அவள் பெயரில் எழுதிய அட்டை வீணாகிவிடுமே என்று மறுபக்கமும் நினைத்தாள். அந்த மறுபக்கத்துக்குள் என்ன விருப்பம் ஒளிந்திருக்கிறது என்று புரிந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் குளித்துவிட்டு விளக்கை அவளே ஏற்றினாள். ஏற்றிவிட்டுத் திரும்பியபோது வீட்டில் ஒரு சுறுசுறுப்பு இருந்தது. நாளைக்கு உடுத்த வேண்டிய புடவை இஸ்திரி போட்டுக் கட்டிலின் மேல் இருந்தது. சௌந்திரம் சமையலறையில் டிபன் டப்பாவைத் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"காத்தால நீ கெளம்பறப்ப நான் பின்கட்டுல இருந்துக்கறேன்," என்றாள், திரும்பாமல். "இப்ப இருக்கற ஒடம்புக்கு நான் எதுக்க வரக்கூடாது. தாலியறுத்தவ வேற."

"நீங்கதானுங்கத்தை எதுக்க வரோணும்."

"கிறுக்குப் பேச்சு பேசாதே."

"நீங்க வல்லீன்னா நான் போவமாட்டேன்."

டப்பாவைத் துலக்கும் கை நின்றது. பிறகு மறுபடி துலக்கியது.

ஃபோன் அடித்தது. அப்பா. இந்த நேரத்தில் கூப்பிட மாட்டார்.

"நாளைக்கே சேர்றியாமா சாமி? ஏன் எங்கிட்டச் சொல்லலே?"

"ஆரு சொன்னாங்கப்பா?"

"உங்கத்தைதான். சித்த மின்னாடி ஃபோன் பண்ணாங்க. 'நாந்தான் ஆடின்னு சொல்லி உங்களையும் காக்க வெச்சுட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தி, நாளையில இருந்து அட்டை வந்துருது, ஒடனே தேதி வாங்கிக்கங்க'ன்னாங்க. இத்தன வருசத்துல அந்தம்மா தானா எனக்கு ஃபோன் பண்ணது இதுதான் மொதத் தடவ." அவர் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை. குரல் தணிந்திருந்தது. "நானும் ஒடனே ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன். அடுத்த வியாழக்கெழம வரச் சொல்லிட்டாங்க. நிசத்தைச் சொன்னா, இந்த ஒரு வாரமா படுக்க முடியலே சாமி. உனக்கு எதுக்குன்னு சொல்லலே."

மைதிலி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"மைதிலி? இருக்கறயா?"

"இருக்கறேனுங்கப்பா."

"உங்கத்தைக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லிரு."

ஃபோனை வைத்தபோது சௌந்திரம் சமையலறை வாசலில் நின்றிருந்தாள், ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு.

"சம்பந்திங்களா? நான் பேசுனது ஒண்ணும் தப்பில்லையே? கேக்காம பேசிப்போட்டேன்."

"தப்பில்லீங்கத்தை. வியாழக்கெழம தேதி கெடச்சிருச்சாமுங்க."

சௌந்திரத்தின் முகம் மெல்ல மலர்ந்தது. அன்று முழுவதும் அந்த முகத்தில் இல்லாத சிரிப்பு. "அப்பாடா," என்றாள். "எம்பட வாயால நின்னுபோனது எம்பட வாயாலயே ஆயிப்போச்சு."

மைதிலி அந்தச் சிரிப்பைப் பார்க்காமல், மேஜையின் மேலேயே இருந்த டப்பா மூடியை வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தாள்.